அலைக்குப் போன மாப்பிள்ளை

தருமபுரி பக்கம் இண்டூர் வட்டாரத்தில் நான் முழுகி எழாத கிணறு இல்லை. பம்புசெட் மெக்கானிக் என்றால் மேலே நின்று ஸ்பேனர் பிடிப்பவன் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் மேலே இருக்கும், பாதிக் கோளாறு கீழே தண்ணீருக்குள் இருக்கும். ஃபுட் வால்வில் இலையோ சேறோ அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இருட்டில் கையால் தடவிச் சுத்தம் செய்துவிட்டு ஏறி வர வேண்டும். பதினைந்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. 'மோட்டார் பாய் எறங்குனா மீனே வழி வுடும்' என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை நானும் நம்பியிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்திரண்டு மே மாதம் நான் இலங்கைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை மும்தாஜின் கணவர் காசிம் தையல்காரர். தருமபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை மிஷினோடு கடை வைத்திருந்தார். இலங்கையில் கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் நல்ல தையல் வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் கூப்பிட, ஒன்றரை வருஷத்துக்கு முன்பு போனார். மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு எட்டு மாதமாக ஒன்றும் இல்லை. மும்தாஜ் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு என் வீட்டில் இருந்தாள்.

புறப்படுகிற அன்று அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணா, வந்தாருன்னா கூட்டிட்டு வாங்க. வரலேன்னா, வுட்டுட்டேன்னு அவரு வாயால ஒரு வார்த்த வாங்கிட்டு வாங்க. ரெண்டுல ஒண்ணு. ரெண்டுமில்லாம வந்து நிக்காதீங்க."

"கூட்டிட்டே வர்றேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு இப்ப ஆச வார்த்த வேணாம். நான் அவரு பொண்டாட்டியா இல்லியான்னு எனக்கே தெரியல. கல்யாண வூட்டுக்குப் போனா புருஷன் உள்ளவங்க பக்கமா, இல்லாதவங்க பக்கமா, எங்க போய் உக்கார்றதுன்னு தெரியல. அத மட்டும் கேட்டுட்டு வாங்க."

பிறகு ஒரு வெள்ளை நூலைக் கொடுத்தாள். அதில் நான்கைந்து முடிச்சுகள் இருந்தன. டேப் இல்லாத வீடுகளில் பிள்ளைக்கு அளவெடுக்கும் முறை அது. தோளிலிருந்து முழங்கால்வரை ஒரு முடிச்சு, மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. நூலைப் பார்த்தாலே தையல்காரனுக்குப் பிள்ளை கண்ணில் தெரிந்துவிடும். "இவ்ளோ வளந்துட்டாள்னு பாக்கட்டும்" என்றாள்.

கப்பலில் வாந்தி எடுத்ததையும், சுங்கத்தில் என் மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து நான்கு பேர் மோந்து பார்த்ததையும் விட்டுவிடுகிறேன். அந்த ஜாடியை அவர்கள் சரியாக மூடவில்லை. பொத்துவில் போய்ச் சேர்வதற்குள் என் இரண்டு லுங்கிகளும் ஊறுகாய் ஆகியிருந்தன.

திங்கட்கிழமை மத்தியானம், ஊருக்கு ஐந்து மைல் இருக்கும்போது பஸ் நின்றது. டயர் வெடித்தது என்று நினைத்து இறங்கினேன். முன்னால் சாலை நடுவில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். "அவர் டிக்கெட் எடுக்காமப் போகமாட்டாராம்" என்றார். யானை போக முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் ஊரில் இவ்வளவு நேரம் பஸ் நின்றால் டிரைவரின் ஏழு தலைமுறையும் வசவு வாங்கியிருக்கும். இங்கே ஒருவர் தூங்கிவிட்டார்.

காசிம் இருந்த இடம் பொத்துவிலைத் தாண்டி உல்லை என்ற கடற்கரை. தென்னை மரங்கள், மீன்பிடித் தோணிகள், ஓலைக் குடில்கள், இவற்றுக்கு நடுவே பரட்டைத் தலை வெள்ளைக்காரர்கள். சாலையோரம் சோற்றுக்கடை வைத்திருந்த சுபைதா ராத்தாவிடம் விசாரித்தேன். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

"டெய்லரத் தேடியா வந்தீங்க? இந்தியாவால வாறீங்களா?"

"ஆமாங்க. என் தங்கச்சி வூட்டுக்காரருங்க."

அந்த அம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "அவருக்குப் பொண்சாதி இரிக்கா? எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயே."

எங்கே அவர் என்று கேட்டேன். "இந்த நேரம் கடலுக்குள்ளதான் இரிப்பார். இண்டைக்குக் காத்தில்ல. காத்து வந்தாத்தான் கரைக்கு வருவார். இரிங்க, சோறு தின்னுங்க."

சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும், தேங்காய்ச் சம்பலும் வைத்தார். கோபத்தில் இருப்பவன் அவ்வளவு சாப்பிடக் கூடாது. ஆனால் தருமபுரியில் ஐஸ் பெட்டியில் வந்து சேரும் மீனைத் தின்று வளர்ந்தவனுக்கு, காலையில் பிடித்த மீன் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு காசிம் வந்தார். நான் அனுப்பி வைத்த காசிம் கொஞ்சம் தொந்தியும் நரம்பு தெரியாத வெள்ளைக் கைகளும் உள்ளவர். வந்தவர் கரிக்கட்டை நிறத்தில், தோள் இரண்டும் புடைத்து, இடுப்பில் பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு இருந்தார். கக்கத்தில் அவரைவிட உயரமான பலகை. என்னைப் பார்த்ததும் பலகையை மெதுவாக மணலில் படுக்க வைத்தார். எனக்கு சலாம் சொல்வதற்கு முன்பு பலகையைப் படுக்க வைத்தார் என்பதை நான் கவனித்தேன்.

"மச்சான்... மும்தாஜுக்கு ஏதாச்சும்...?"

"உசுரோடதான் இருக்கா."

அதற்குமேல் அன்று நான் பேசவில்லை. அவர் குடிலுக்குள் ஒரு தையல் மிஷின், கான்வாஸ் துணி, பூத்துணி. வேறு பெண்ணின் சுவடு இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவினேன். ஒரு வளையல் துண்டு, ஒரு தலைமுடி, ஏதாவது. பலகைக்குத் தேய்க்கும் மெழுகும் ஒட்டுப் போடும் பிசினும்தான் இருந்தன. மிஷின் டிராயரைத் திறந்தேன். மும்தாஜ் எழுதிய கடிதங்கள் அத்தனையும் பாபின்களுக்கு அடியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் பிரித்துப் படித்தவை.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போனேன். கடல் அங்கே ஒரு முனையைச் சுற்றி வளைகிறது. முனையில் கற்கள். அலை மொத்தமாக ஒரேயடியாகக் கவிழ்வதில்லை. கல்லில் தட்டிய இடத்தில் உடையத் தொடங்கி, பாயைச் சுருட்டுவதுபோல ஒரு பக்கமாகவே சுருண்டுகொண்டு வெகுதூரம் போகிறது. அந்தச் சுருளுக்குச் சற்று முன்னால், உடையாத சரிவில் பலகைமேல் நின்றபடி ஆள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதை சர்ஃபிங் என்கிறார்கள். உல்லைக்காரர்கள் 'பலகை ஓடுறது' என்கிறார்கள்.

தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பேர் பலகைமேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. கால் மணி நேரம் போனது. பிறகு கடல் மட்டம் தூரத்தில் தடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு பெரிய அலைகள் வந்தன. ஒருவர் திரும்பி இரண்டு கையாலும் துழாவி, எழுந்து நின்று, போய்விட்டார். அடுத்த அலைக்கு அடுத்தவர். யார் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறாரோ அந்த அலை அவருடையது, குறுக்கே யாரும் விழக் கூடாது. இது அவர்களுடைய சட்டம். நம் பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு பஸ்ஸுக்கு ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களில் நான்கு பேரை இங்கே கொண்டுவந்து விட்டால் கடல் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

மூன்றாவது அலை காசிமுக்கு. நாற்காலியிலிருந்து எழுவதற்கே முட்டியைப் பிடித்துக்கொள்ளும் மனிதர், ஒரே துள்ளலில் எழுந்து நின்றார். அவர் ஒன்றும் வித்தை காட்டவில்லை. முழங்காலை லேசாக மடித்து, கைகளைத் தொங்கவிட்டு, சும்மா நின்றார். அலை அவரைக் கொண்டுபோனது. முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிக்காஹ் அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இன்னொரு பெண் என்றால் சண்டை போடலாம், காலில் விழலாம், பெரியவர்களைக் கூட்டலாம். அலையிடம் யார் போய் நியாயம் கேட்பது?

பத்து மணிக்குக் காற்று திரும்பியது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையைத் தாங்கி நிமிர்த்தி வைக்கிறது. வெயில் ஏறியதும் காற்று கடலிலிருந்து வந்து அலையைக் கலைத்துவிடுகிறது. காற்று வராத நாளில் சாயங்காலம்வரைகூட ஆட்டம் உண்டு. தெற்கே எங்கோ கண்காணாத கடலில் புயல் அடித்தால், அதன் மிச்சம் பல நாள் நடந்து இங்கே வந்து அலையாகிறதாம். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை இப்படி. பிறகு மழைக்காலம், முனை செத்துவிடும், வெள்ளைக்காரர்கள் போய்விடுவார்கள். இதையெல்லாம் காசிம் ஆர்வமாகச் சொன்னார். தன் மகளின் பெயரை மட்டும் அதுவரை அவர் சொல்லவில்லை.

நூலைக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் அவர் விரல்கள் தாமாகவே முடிச்சுகளைத் தடவின. முதல் முடிச்சில் நின்று, திரும்ப ஆரம்பத்துக்குப் போய், மறுபடி தடவினார்.

"இத்தனையா?" என்றார்.

"அப்பாவ கேக்கறா மாப்ளே. யாரு கதவத் தட்டினாலும் ஓடறா."

அவர் நூலைச் சுற்றி வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்குச் சொல்லத் தெரியல மச்சான். நல்ல துணில கத்தரி வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி கை நிக்குமில்ல? மனசுல ஒண்ணுமே இருக்காது அப்ப. அந்த மாதிரிங்க. ஆனா அலையில அது ரொம்ப நேரம் நிக்குது. கரைக்கு வந்தா திரும்ப எல்லாம் வந்துடுது. மும்தாஜ், புள்ள, நான் போடாத லெட்டரு. அதனால மறுபடியும் உள்ள போயிடறேன்."

"அப்ப வந்துடுங்க. வந்துட்டா லெட்டர் எதுக்கு?"

"சீசன் முடியட்டும் மச்சான்."

அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை, வெள்ளைக்காரர்களில் மார்க் என்ற ஆஸ்திரேலியா ஆள் கிழிந்த பலகை உறையைத் தைக்கக் கொண்டுவந்தான். மூக்குத் தோல் உரிந்து, காலில் கல் கீறிய புண்கள்மேல் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆறு மாதம் ஊரில் பழம் பறிப்பானாம், ஆறு மாதம் இங்கே ரொட்டியும் எருமைத் தயிரும் தின்று கிடப்பானாம். நான் யார் என்று கேட்டான். காசிம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். காசிம் மொழிபெயர்த்தார்: "இவங்க அம்மாவும் ஒரு தடவ இவன கூட்டிட்டு வரச் சொல்லி அண்ணன அனுப்பிச்சாங்களாம். அந்த அண்ணன்தான் அதோ, செவப்பு பலகைல உக்காந்திருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு மனசு முன்னைவிட இருட்டாக இருந்தது.

அன்று பிற்பகல் காசிம் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, என் தங்கை கொடுத்த நூலை அதன்மேல் வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டார். இரண்டு மணி நேரத்தில் ஒரு கவுன் ஆனது. காஜா எடுத்து, பொத்தான் வைத்து, மடித்து என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மாப்ளே, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருக்காதீங்க. வர்றீங்களா, வரலியா? வரலேன்னா அவள வுட்டுடுங்க. வயசு இருபத்திமூணு."

"வுட மனசில்ல மச்சான்."

"அப்ப வாங்க."

"அதுக்கும்..."

"அப்ப எதுக்குத்தான் மனசிருக்கு?"

என் சத்தம் கேட்டு சுபைதா ராத்தா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கடைசியில் காசிம் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பொத்துவில் பள்ளிவாசலில் இமாம் முன்னால் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவதாகவும், அதுவரை கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். அல்லாஹ்வின் வீட்டில் பொய் சொல்ல மாட்டார். எனக்கு அது போதும். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை நான் செய்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வந்த அன்றே காசிம் சொல்லியிருந்தார், "எறங்கறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டு எறங்குங்க மச்சான்" என்று. எனக்கா சொல்கிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் தங்கையின் வாழ்க்கையைப் பிடுங்கிக்கொண்ட தண்ணீர் அப்படி என்னதான் வைத்திருக்கிறது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரமும் இருந்தது. காலை எட்டு மணி. காசிம் முனையில் இருந்தார். நான் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கரையோரம் நடந்து, நல்ல இடம் தேடினேன்.

கிணற்றுக்காரன் தண்ணீரைப் பார்க்கும் விதம் வேறு. கலங்கி ஆடுகிற தண்ணீர் ஆபத்து, கீழே ஊற்றோ குழாயோ இழுக்கிறது என்று அர்த்தம். அசையாமல் நிற்கிற தண்ணீர் நல்ல தண்ணீர். கடலிலும் அப்படியே பார்த்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவில் வீட்டு அகலத்துக்கு ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாக இருந்தது. நமக்கென்றே விட்டுவைத்த மாதிரி. அங்கே இறங்கினேன்.

கரைக்கு வந்த தண்ணீர் முழுவதும் திரும்பிப் போகிற வழி அது. அதனால்தான் அங்கே அலை உடையவில்லை. இது எனக்குப் பிறகு தெரிந்தது. நான்கு கை போட்டுத் திரும்பிப் பார்த்தபோது கரையில் இருந்த தோணிகள் சின்னதாகத் தெரிந்தன.

கிணற்றில் நீச்சல் பழகியவனுக்கு ஒரே ஒரு பாடம்தான் உண்டு. மூச்சு முட்டினால், கால் இழுத்தால், பயம் வந்தால், நேரே சுவரைப் பார்த்துப் போ. எந்தப் பக்கம் போனாலும் பத்து கைக்குள் சுவர் வரும், பிடித்துக்கொள்ள ஒரு படிக்கல் இருக்கும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி என்னைக் கிணற்றில் தள்ளிய நாளிலிருந்து என் உடம்புக்கு அது ஒன்றுதான் தெரியும். கரையைப் பார்த்து நேராக அடித்தேன். என் பலம் முழுவதையும் போட்டு அடித்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு நிற்கவும் இல்லை, பின்னால் போனேன். இன்னும் வேகமாக அடித்தேன். தோள் கல்லாகியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் இனிக்கும். இது எரித்தது.

அந்த நேரத்தில் நான் யாரையும் நினைக்கவில்லை. கலிமாகூட நினைவுக்கு வரவில்லை. சுவர், சுவர் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

"மச்சான்! கரையப் பாக்காதீங்க! இங்க பாருங்க!"

பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவியபடி காசிம் வந்துகொண்டிருந்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். முழுகுகிறவன் பிடி. அவர் என் கன்னத்தில் ஓங்கி அறைந்து, கையைப் பிரித்து, பலகையின் விளிம்பைப் பிடிக்க வைத்தார். கரையை நோக்கிப் போகவே இல்லை. கரையை ஒட்டியபடி பக்கவாட்டில் முனைப் பக்கமாகத் துழாவினார். பைத்தியமா இவருக்கு, கரை அந்தப் பக்கம் இருக்கிறது என்று கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது. பின்னால் ஒரு அலை வந்து எங்கள் இருவரையும் பலகையோடு தூக்கிக் கற்கள்மேல் கொண்டுபோய்ப் போட்டது. என் முழங்கை கிழிந்தது. அவருடைய பாதம் எலும்புவரை திறந்துகொண்டது.

மணலில் குப்புறக் கிடந்து காலைச் சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தேன். காசிம் பக்கத்தில் உட்கார்ந்து காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கிடையே ரத்தம் வடிந்தது. அவருக்கும் மூச்சு வாங்கியது. என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் பேசும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மச்சான், நாளைக்கு என்னைப் பள்ளிவாசலுக்குக் கூப்பிடாதீங்க."

கூப்பிட வேண்டும். அதற்குத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை வாங்கி வா என்று ஒருத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்பு செத்துப்போயிருக்க வேண்டியவனை இழுத்துப் போட்டவர் கேட்கிறார். அவர் ரத்தம் என் காலடி மணலில் ஊறிக்கொண்டிருந்தது.

நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை தனியாகப் பொத்துவிலுக்குப் போய் ஜும்ஆ தொழுதேன். இமாம் தொழுகை முடிந்து, வந்தவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டி வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். உல்லைக்குத் திரும்பியதும் சுபைதா ராத்தா வழிக்கு வாழையிலையில் பிட்டு கட்டிக் கொடுத்தார். "அவர் வாறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "விட்டுட்டாரா?" அதற்கும் இல்லை என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பஸ் கிளம்பும்போது நான் முனைப் பக்கம் பார்க்கவில்லை. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் கடலுக்குப் போனாரா, குடிலில் படுத்திருந்தாரா, எனக்குத் தெரியாது.

தருமபுரியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வத்தல்மலை வெந்துபோய் நின்றது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். சீசன் முடிந்ததும் வருவார் என்று சொல்லலாம். பிள்ளைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தார், மனசு இருக்கிறது என்று சொல்லலாம். கவுன் பிள்ளைக்கு அளவாகப் பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். மும்தாஜ் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டுல எது அண்ணா?"

ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அலை, டிராயரில் இருந்த கடிதங்கள், வெள்ளிக்கிழமைப் பேச்சு, நான் இறங்கிய அமைதியான தண்ணீர், தலையாட்டியது. தலையாட்டியதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு, "உசுரோட வந்தீங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள். "ஆனா அண்ணா, அவரு காப்பாத்துனது உங்க உசுர. நீங்க அதுக்குக் குடுத்துட்டு வந்தது என் வார்த்தைய. அது உங்களுதில்லியே."



அடுத்த வெள்ளிக்கிழமை அவளே ஆள் அனுப்பி, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியையும் ஜமாஅத் பெரியவர்கள் மூன்று பேரையும் வீட்டுக்கு வரவழைத்தாள். என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். அவள் உள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

முத்தவல்லி என்னைக் கேட்டார். "பாய், நீங்கதானே நேர்ல பார்த்துட்டு வந்தவரு. மாப்பிள்ள வரேன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"வுட்டுட்டேன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"பின்ன என்னதான் சொன்னாரு?"

இண்டூர் வட்டாரமே கொண்டாடும் நீச்சல்காரன் நான், முழுகப்போன கதையைப் பெரியவர்கள் முன்னால் சொன்னேன். பள்ளிவாசலுக்குக் கூப்பிட வேண்டாம் என்று அவர் சொன்னதையும், சரி என்று நான் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். பெரியவர்களில் ஒருவர், உயிர் காத்தவரை எப்படி நெருக்குவது, நீங்கள் செய்ததும் நியாயம்தான் பாய் என்று எனக்குப் பரிந்து பேசினார். இன்னும் ஆறு மாதம் பார்க்கலாமே என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து மும்தாஜின் குரல் வந்தது. நடுங்கத்தான் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"அவரு கூப்பிட வேணாம்னாரு, எங்கண்ணன் சரின்னுட்டாரு. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. எங்கிட்ட யாரும் கேக்கல. நான் சரின்னு சொல்லல. எனக்கு விடுதல வேணும்னு நானே கேக்கறேன். எழுதிக்குங்க."

முத்தவல்லி என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அவருக்குக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து கொடுத்தேன்.